இரண்டு தடவை வெளியேறிய டிரேடு

எனக்குப் பங்குச் சந்தை என்றால் பயம். இத்தனை வருடம் அதில் குப்பை கொட்டியவள், அதை வைத்துத்தான் பிழைத்தவள், ஓய்வு பெற்ற பிறகும் இப்படிச் சொல்கிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு முகத்திலும் பயம் இல்லை. கணினி தானாக வாங்குகிறது, தானாக விற்கிறது, நமக்கென்ன என்ற தெம்பு மட்டும் இருக்கிறது. அந்தத் தெம்பைப் பார்த்தால்தான் எனக்குப் பயம் கூடுகிறது.

வந்ததிலிருந்து நீங்கள் என்னிடம் கேட்டதெல்லாம் உள்ளே நுழைவதைப் பற்றித்தான். எந்த சிக்னல் நல்லது, எந்த நேரத்தில் வாங்கினால் ஏறும், எந்த நேரத்தில் கை வைக்கக் கூடாது. வெளியே வருவதைப் பற்றி நானாகப் பேச்சை எடுத்தால், "அத புரோகிராம் பாத்துக்கிரும்க்கா" என்கிறீர்கள். இதே வாக்கியத்தை இதே தொனியில் நான் முன்பும் கேட்டிருக்கிறேன். சொன்னவர் பிரபு. அவரிடம்தான் நான் கடைசிவரை வேலை பார்த்தேன்.

பிரபு ஓடைப்பட்டிக்காரர். தலைமுறை தலைமுறையாகத் திராட்சை போடும் குடும்பம். இஞ்சினியரிங் படித்து, வெளியூரில் கொஞ்ச காலம் கணினி வேலை பார்த்து, அது பிடிக்காமல் ஊருக்குத் திரும்பினார். சின்னமனூரில் ஓர் உரக்கடை மாடியில் அறை பிடித்து, தானாக டிரேடு செய்யும் புரோகிராமை அவரே உட்கார்ந்து எழுதினார். முதலுக்குத் தோட்டத்தை அடமானம் வைத்தார். நான் அதற்கு முன்னால் போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் இடத்தில் விலை பதியும் வேலையில் இருந்தேன். விலை ஓடும்போது பதறாமல் பார்க்கத் தெரியும் என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். பதறுவேன் என்பது அவருக்குத் தெரியாது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான்.

உள்ளே போவதற்கு ஒரு காரணம் போதும். வெளியே வருவதற்கு நாலைந்து வழி வேண்டும், ஏனென்றால் எந்த வழி எப்போது அடைபடும் என்று யாருக்கும் தெரியாது. பிரபுவின் புரோகிராமில் நான்கு வழிகள் இருந்தன. விலை நமக்கு எதிராக இந்த அளவு போனால் நஷ்டத்தை ஒப்புக்கொண்டு வெளியேறிவிடு என்பது ஸ்டாப் லாஸ். நினைத்த லாபம் வந்ததும் போதும் என்று கிளம்பிவிடு என்பது டார்கெட். விலை ஏற ஏற ஸ்டாப்பும் பின்னாலேயே ஏறிக்கொண்டு வருவது டிரெய்லிங். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, சும்மா கிடக்கிறது என்றால் குறித்த நேரத்தில் மூட்டையைக் கட்டு என்பது நாலாவது. இந்த நாலும் தவறினால் ஐந்தாவதாக மனுஷக் கை இருக்கிறது. நாமே போனை எடுத்து புரோக்கரிடம் சொல்லி விற்பது.

அந்த ஐந்தாவது வழியில்தான் எனக்கு ஒரு குரு கிடைத்தார். முகம் தெரியாது. பெயரும் தெரியாது. சென்னையில் எங்கள் புரோக்கர் அலுவலகத்தில் ஆர்டர் வாங்கும் பெண் குரல். போனை எடுத்ததும் "டீலிங் டெஸ்க்" என்பார், அதுதான் அவர் பெயர் என்று வைத்துக்கொண்டேன். கறாரான குரல். ஒருநாள் புரோகிராம் ஏதோ தகராறு செய்ய, நான் பதறிப்போய் அவரைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் வித்துருங்க" என்றேன்.

"உங்க கையில இப்ப எவ்வளவு இருக்கு? அதைச் சொல்லுங்க மேடம்."

காலையில் வாங்கியதைச் சொன்னேன்.

"அதுல பாதி கொஞ்சம் முன்னாடியே டார்கெட்ல போயிடுச்சு. நீங்க சொல்ற அளவை நான் வித்தா, இல்லாததையும் சேர்த்து விக்கிறீங்க."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, அவசரத்தில் இருப்பவளிடம் வகுப்பு எடுக்கிறாரே என்று. போனை வைத்த பிறகுதான் புரிந்தது. கடையில் இல்லாத அரிசியை யாரும் விற்க முடியாது. பிறகு தீர்த்துக்கொள்ளலாம் என்று இன்றே விலை பேசும் ஃபியூச்சர் சந்தையில் முடியும். இல்லாததை விற்றால் சந்தை தடுக்காது. "சரி, விற்றுவிட்டாய், பிறகு வாங்கிக் கொடுத்துத் தீர்" என்று சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். விலை இறங்கினால் நமக்கு லாபம். ஏறினால் ஏறின விலையில் வாங்கித் தீர்க்க வேண்டும். எவ்வளவு ஏறும் என்பதற்கு மேலே கூரை கிடையாது. வெளியேறுகிறேன் என்று நினைத்துக்கொண்டே ஒருத்தர் எதிர்ப்பக்கமாக உள்ளே போய்விடலாம் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

பிரபுவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அது ஆளுகளுக்கு வர்ற மறதிக்கா. புரோகிராமுக்கு மறதி கிடையாது."

உண்மைதான், அதற்கு மறதி கிடையாது. தான் செய்த எல்லாம் அதற்கு நினைவிருக்கும். அடுத்தவர் செய்தது மட்டும் தெரியாது.

இனி ஸ்டாப் லாஸ் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் எங்கள் வழக்கம், வாங்கின கையோடு ஸ்டாப் ஆர்டரை எக்ஸ்சேஞ்சிலேயே, அதாவது சந்தையின் சொந்தக் கணினியிலேயே, போட்டு வைப்பது. அது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நம் கணினி எரிந்து போனாலும் அது வேலை செய்யும். ஆனால் ஒரு சமயம் தொடர்ந்து ஒரு கொடுமை நடந்தது. விலை இறங்கி வந்து எங்கள் ஸ்டாப்பைத் தொட்டு, எங்களை வெளியே தள்ளிவிட்டு, அப்படியே திரும்பி ஏறிப் போகும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் யாருக்கும் எரியும்.

"யாரோ பாத்துக்கிட்டே இருக்கானுகக்கா" என்றார் பிரபு. "நம்ம ஸ்டாப் எங்கன கெடக்குன்னு தெரிஞ்சுதான் வந்து அடிச்சிட்டுப் போறானுக."

சென்னைக் குரலிடம் கேட்டேன். அந்த ஆர்டர் வெளியில் யாருக்கும் தெரியாது, விலை அந்த இடத்துக்கு வந்தால்தான் அது உயிர் பெறும் என்று அவர் விளக்கினார். பிரபு நம்பவில்லை. அவர் நம்பாததற்கு ஒரு காரணம் இருந்தது. ஓடைப்பட்டியில் திராட்சை விற்கும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். வியாபாரி தோட்டத்துக்கே வருவார். பந்தலுக்கு அடியில் குனிந்து நடப்பார், குலையைப் பிடித்துப் பார்ப்பார், குறை சொல்வார். வீட்டுக்காரர்கள் மனதில் ஒரு கடைசி விலை இருக்கும். அதை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். பிரபுவின் அப்பாவும் சித்தப்பாவும் தோட்டத்தின் அடுத்த முனைக்குப் போய்க் காதோடு காதாகப் பேசிவிட்டு வருவார்களாம், வேலை ஆட்களுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று. அந்த வீட்டில் பிறந்தவரிடம் போய், உன் கடைசி விலையை எழுதி சந்தையின் கையிலேயே கொடுத்துவிடு என்றால் எப்படிக் கேட்பார்?

"எங்கப்பா கேட்டா சிரிப்பாகக்கா. ஏலே, படிச்சு என்னத்தக் கிழிச்சன்னு கேப்பாக" என்றார்.

ஆகவே ஸ்டாப்பை எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுத்துத் தன் கணினிக்குள் ஒளித்து வைத்தார். புரோகிராம் விலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். குறித்த இடத்துக்கு வந்தால் அந்த நொடியில் விற்கும் ஆர்டரை அனுப்பும். அதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது. திராட்சைப் பந்தலில் இது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பந்தலில் அப்பா வியாபாரிக்கு எதிரே நேராக நிற்கிறார், வேண்டும்போது வாயைத் திறந்து "சரி" என்று சொல்லலாம். எங்கள் வாய்க்கும் சந்தைக்கும் நடுவில் ஒரு கேபிள் அல்லவா கிடந்தது.

"லைன் போயிருச்சுன்னா?" என்று கேட்டேன்.

"டவர்ல நெட்டு எடுக்குற டாங்கிள் இருக்குல்லக்கா. அதுவும் போனா கையில போன் இருக்கு. மூணும் ஒரே நேரத்துல போகுமா?"

பயமாக இருந்தது, ஆனால் பயத்தைக் காரணமாகச் சொன்னால் எந்த முதலாளி கேட்பார்?

மூன்றும் ஒரே நேரத்தில் போன நாள் ஆடி மாதத்தில் வந்தது. நம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலையிலிருந்தே உரக்கடையின் தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. புரோகிராம் கொஞ்ச நாளாக நன்றாகச் சம்பாதித்துக் கொடுத்ததால் பிரபு அன்றைக்கு வழக்கத்தைவிட அளவைக் கூட்டியிருந்தார். சந்தை திறந்து சற்று நேரத்தில் சந்தை மொத்தத்தின் ஏற்ற இறக்கத்தோடு ஓடும் இண்டெக்ஸ் ஃபியூச்சர் வாங்கியிருந்தோம். ஸ்டாப்பில் வெளியேறினால் சின்னக் காயம், தாங்கிக்கொள்ளலாம். வெளியேறாமல் மாட்டினால் அறையின் முதல் கரையும். முதல் கரைந்தால் தோட்டத்தை மீட்க அவருக்கு வேறு வழியே கிடையாது. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வாய்விட்டுப் பேசியதில்லை.

மதியத்துக்கு முன்னால் விலை இறங்க ஆரம்பித்தது. ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் வெளியே ஏதோ மரம் முறியும் சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது. யுபிஎஸ் கீச்சிட்டு கணினிகளைத் தாங்கிக்கொண்டது. ஆனால் இணைய லைன் செத்துவிட்டது, அதே கேபிளில் வந்த லேண்ட்லைனும். டாங்கிளைச் செருகினோம். சிக்னல் இல்லை. போனை எடுத்தோம். அதிலும் இல்லை. டாங்கிளும் போனும் தொங்கிக்கொண்டிருந்தது ஒரே டவரில். அந்த டவருக்கும், கேபிள் பெட்டிக்கும், எங்கள் தெருவுக்கும் மின்சாரம் வந்தது ஒரே லைனில். மூன்று வழி என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தது உண்மையில் ஒரே வழிதான்.

திரையில் நின்றுபோன விலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதைப் போலப் பயங்கரம் கிடையாது. விலை ஓடும்போது கெட்டதாவது கண்ணுக்குத் தெரியும். இது ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒன்றுமே நடக்காத மாதிரி, பச்சைப்பிள்ளை தூங்குவதுபோல் நின்றது. வெளியே அது எவ்வளவு தூரம் விழுந்திருக்கிறது என்று தெரியாது.

பிரபு எழுந்தார். பைக் சாவியை எடுத்தார்.

"நான் தேனி ரோட்டுல போறேன்க்கா. எங்கன சிக்னல் கிடைக்குதோ அங்கன நின்னு போன்லயே வித்துர்றேன். நீங்க இங்கனயே இருங்க."

"காத்துல பாத்துப் போ தம்பி."

அவ்வளவுதான் பேசினோம். அவர் போனபிறகு இங்கே லைன் வந்துவிட்டால் யார் விற்பது என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. புரோகிராமை நிறுத்திவிட்டுப் போவோமா என்ற யோசனையும் வரவில்லை. பயம் வந்தால் மனிதர்கள் ஓடுவார்கள், யோசிக்க மாட்டார்கள். அதனால்தான் யோசனையைப் பயம் வருவதற்கு முன்பே செய்து வைக்கச் சொல்கிறேன்.

நான் தனியாக அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கீழே உரக்கடையில் யாரோ யூரியா இல்லையா என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஓடைப்பட்டித் தோட்டம்தான் கண்ணுக்குள் வந்தது. அந்த வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். "ஆத்தா, வீரபாண்டி ஆத்தா, ஒரு நிமிசம் லைனக் குடு" என்று சத்தமாகவே வேண்டினேன்.

லைன் வந்தது. திரை ஒரு குலுங்கு குலுங்கியது. விலை ஸ்டாப்புக்கு எவ்வளவோ கீழே கிடந்தது. புரோகிராம் விழித்துப் பார்த்தது, தன் கையில் சரக்கு இருப்பதாகவே அதன் நினைவில் இருந்தது, ஸ்டாப் தாண்டிவிட்டது தெரிந்தது, உடனே விற்றது. "கைவசம் எதுவும் இல்லை" என்று திரையில் வந்தது. நஷ்டம் நாங்கள் திட்டம் போட்டதைவிடப் பெரியதுதான். ஆனால் தாங்கக்கூடியது. தோட்டம் பிழைத்தது என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இணையத்தோடு சேர்ந்து லேண்ட்லைனும் உயிர் பெற்றிருந்தது. பிரபுவைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. பைக்கில் வருகிறார் போல, காற்றில் கேட்டிருக்காது. திரும்பத் திரும்ப அடித்துவிட்டு விட்டுவிட்டேன். நல்ல சேதிதானே, வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

அதற்குள் விலை திரும்பி ஏற ஆரம்பித்தது. மெதுவாக இல்லை, விறுவிறுவென்று. எனக்கு எரிச்சலாக இருந்தது. நாம் விற்றவுடன் ஏறுகிறதே, கொஞ்சம் முன்னால் ஏறித் தொலைத்திருக்கக் கூடாதா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு, கால் மேல் கால் போட்டு அதை வேடிக்கை பார்த்தேன். அந்த வேடிக்கையை நினைத்தால் இப்போதும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

பிரபு மாடிப்படியைத் தாவித் தாவி ஏறி வந்தார். தலையெல்லாம் புழுதி. வாயெல்லாம் சிரிப்பு.

"முடிச்சிட்டேன்க்கா! சீலையம்பட்டி தாண்டித்தான் சிக்னல் வந்துச்சு. ஒரு கட காம்பவுண்டு ஓரமா ஒதுங்கி நின்னு மொத்தத்தையும் வித்துட்டேன். அடி கொஞ்சம் பலம்தான். ஆனா பொழச்சோம்."

"நீ என்னத்த முடிச்ச? இங்கன மிசினுல்ல முடிச்சுச்சு" என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. நான் திரையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "கைவசம் எதுவும் இல்லை" என்று அது சாதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. விலை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

புரோக்கரின் தளத்துக்குள் நுழைந்து பார்க்கலாம் என்றால் அது சுற்றிக்கொண்டே இருந்தது. லேண்ட்லைனை எடுத்தேன். சென்னைக்கு அடித்தேன்.

"டீலிங் டெஸ்க்."

"எங்க கணக்குல இப்ப என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்றேன். முதல்முறையாக அந்தக் கேள்வியை நான் முந்திக்கொண்டு கேட்டேன்.

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "விற்பனை நிக்குது மேடம். காலையில நீங்க வாங்கின அதே அளவு, விற்பனைப் பக்கம். முதல்ல சார் போன்ல, அப்புறம் உங்க புரோகிராம், ரெண்டு தடவை வித்திருக்கீங்க. நஷ்டத்துல இருக்கு. ஏறிட்டே இருக்கு."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஏற்கனவே பட்ட அடியோடு இதையும் சேர்த்தால் போட்ட முதலில் பெரும் பகுதி போயிருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் தோட்டத்தை மீட்கவே முடியாத இடத்துக்கு வந்துவிடும். பிரபு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்கி மூடிரலாமா தம்பி?"

"பொறுங்கக்கா. ரொம்ப ஏறிருச்சு. காலையிலருந்து இறங்குமொகம்தான். இது சும்மா துள்ளுது. இப்ப மூடுனா உச்சியில வாங்குன மாதிரி ஆயிரும். கொஞ்சம் இறங்கட்டும்."

அவர் சொன்னது முட்டாள்தனமாக இல்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விலையைப் பல வருடம் பார்த்த என் கண்ணும் இறங்கும் என்றுதான் சொன்னது. அதனால்தான் அந்த நேரம் அவ்வளவு ஆபத்தானது. தப்பான யோசனை எப்போதும் தப்பான முகத்தோடு வராது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" குரல் அலுங்காமல் கேட்டது. "இந்த விற்பனை எதுக்காக எடுத்தீங்க?"

"எடுக்கல. தவறி வந்துருச்சு."

"சரி. எந்த விலைக்கு இறங்கினா வெளிய வர்றதா இருக்கீங்க? எந்த விலைக்கு ஏறினா?"

நான் பிரபுவைப் பார்த்தேன்.

"ஸ்டாப் போட்டுருவோம்க்கா" என்று ஒரு விலையைச் சொன்னார். நான் அதைப் போனில் திருப்பிச் சொல்ல வாயெடுப்பதற்குள் சந்தை அந்த விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "இல்ல, இல்ல, அதுக்கு மேல போடுங்க" என்று இன்னொரு விலை சொன்னார். அதற்குப் பக்கத்திலும் வந்தது. மூன்றாவதாக ஒரு விலை சொல்ல வாயைத் திறந்தார். கடைசி விலையை ஊருக்கே சொல்லாமல் காப்பாற்றிய வீட்டுப் பிள்ளைக்கு, தனக்குள் சொல்லிக்கொள்ளவும் அன்று ஒரு கடைசி விலை இருக்கவில்லை. ஏன் இருக்கும்? காரணம் இருந்து எடுத்த டிரேடுக்குத்தான், அந்தக் காரணம் எங்கே பொய்யாகும் என்று குறிக்க முடியும். காரணமே இல்லாமல் வந்து ஒட்டிக்கொண்டதற்கு எதை வைத்துக் குறிப்பது?

எனக்குத் துணிச்சல் எல்லாம் வரவில்லை. பயம்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறங்கும் என்ற ஆசையைவிட, அவர் வாயிலிருந்து வரப்போகும் மூன்றாவது விலையின் பயம் பெரிதாகிவிட்டது.

"மூடிருங்க மேடம்" என்றேன். "முழுசா."

"அக்கா!" என்று பிரபு கத்தினார்.

"முதல்ல உங்க புரோகிராமை நிறுத்துங்க" என்றது குரல். "அது இடையில புகுந்து இன்னொன்னு பண்ணிடக் கூடாது. நிறுத்திட்டீங்களா?"

கணினியின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். "நிறுத்திட்டேன்."

"யார் சொல்லி மூடறோம்?"

கணக்கில் ஆர்டர் சொல்ல என் பெயருக்கும் அதிகாரம் இருந்தது. சொன்னேன். பிரபு போனைப் பிடுங்கியிருக்கலாம். கை நீட்டினார். பாதியில் இறக்கிக்கொண்டார்.

"முடிஞ்சுது மேடம். உங்க கணக்குல இப்ப எதுவும் இல்லை. நான் எக்ஸ்சேஞ்ச் கணக்கைப் பார்த்துத்தான் சொல்றேன்."

போனை வைத்தேன். அணைந்த திரையில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டீக!" என்றார் பிரபு. படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன்பிறகு இன்னும் கொஞ்சம் ஏறிய விலை, நின்று, திரும்பியது. அவர் சொன்னபடியே இறங்கியது. சந்தை முடியும்போது நாங்கள் விற்ற இடத்துக்கும் கீழே வந்துவிட்டது. காத்திருந்தால் அந்தத் தவறிய விற்பனையின் நஷ்டம் மொத்தமும் மறைந்து மேலே லாபமும் வந்திருக்கும். பிரபு போனில் விலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கடைசியில் எழுந்து உள்ளே வந்தார்.

"பொறுத்திருந்தா எல்லாம் திரும்பி வந்துருக்கும்க்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அழுகிற குரல்.

அதைக் கேட்டபோதுதான் அன்றைய நாளின் பெரிய பயம் எனக்கு வந்தது. காத்திருந்து, லாபமும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாட்டிக்கொண்டால் பொறுத்தால் போதும் என்று இரண்டு பேரும் கற்றுக்கொண்டிருப்போம். சந்தை எங்களுக்குத் தட்டில் வைத்து அந்தப் பாடத்தைக் கொடுத்திருக்கும். அடுத்த தடவை துள்ளிய விலை திரும்பாது. அன்றைக்கு ஓடைப்பட்டியில் என்ன மிஞ்சும்? இப்போது சொல்லுங்கள், லாபம் வந்த டிரேடு எல்லாம் நல்ல டிரேடா?

"இறங்கும்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"அப்ப ஏறும்னு தெரியுமா?"

"அதுவும் தெரியாது தம்பி."

"பெறகு எதை வச்சு மூடச் சொன்னீக?"

"தெரியலன்னுதான் சொன்னேன்."

வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் போய்விடுவது என்றும் முடிவு செய்திருந்தேன். அந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. ஓடைப்பட்டியிலிருந்து அவர் மனைவி. காலையிலிருந்து இங்கே நடந்தது எதுவும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. காற்றின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"என்னங்க, கவாத்து வெட்டுற ஆளுக வந்து நிக்கிறாக. நாளைக்கு வரச் சொல்லவா, வேணாமான்னு கேக்குறாக. இப்ப விட்டா பெறகு வேற தோட்டத்துக்குப் போயிருவாகளாம். என்ன சொல்ல?"

கவாத்து என்றால் கொடியை வெட்டிவிட்டு அடுத்த காய்ப்புக்குத் தயார் செய்வது. தோட்டம் நம்முடையது என்றால்தான் ஆள் விட்டு வெட்டுவோம்.

பிரபு அணைந்த திரையைத் திரும்பிப் பார்த்தார். "என்னங்க, லைன்ல இருக்கீகளா?" என்று அந்தப் பெண் இரண்டாவது முறை கேட்டது.

"வரச் சொல்லு" என்றார். "எல்லாப் பந்தலுக்கும் சேத்தே சொல்லிரு."

குரல் உடைவது மனைவிக்குக் கேட்டுவிடக் கூடாது என்று சட்டென்று போனை அணைத்தார்.